தோல் கணக்கு

பெங்களூர் தரகுப்பேட்டையில்
கூரை பாதி எரிந்த மண்டி ஒன்றில்
எனக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.
மேசை என்றால் ஒரு பலகை, அடியில் இரண்டு மருந்துப் பீப்பாய்.
பீப்பாய் காலி. உள்ளே இருந்ததெல்லாம்
பங்குனியில் இந்த ஊர் மதிலுக்கே செலவாகிவிட்டது.
அந்த மதிலைத்தான் இப்போது ஆனி மழையில்
சுண்ணாம்பு நிற்காமல் நிற்காமல்
நாங்களே பூசிக்கொண்டிருக்கிறோம்.

வேலை சுலபம்.
மாட்டின் தொடையில் கும்பினிச் சூடு இருக்கும்.
மாடு செத்தால்
சூடு உள்ள தோலை மட்டும் வண்டிக்காரன் அறுத்து வர வேண்டும்.
தோல் வந்தால் மாடு செத்தது.
வராவிட்டால் விற்றுவிட்டான்,
சம்பளத்தில் பிடி.

படை திரும்புகிறது என்று முதலில் சொன்னது
தம்பூர் அல்ல, நாற்றம்.
ஹலசூர் வாசலுக்கு அந்தண்டை வரும்போதே தெரிந்தது.
ஒவ்வொருவன் மடியிலும் ஈரத்தோல்,
வெற்றிலைப் பொட்டலம் மாதிரி பத்திரமாய்.

முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
மறுநாள் எழுநூறு சொச்சம்.
மை தீர்ந்தது. துபாஷி கரியை உரைத்துக் கொடுத்தார்,
கொடுக்கும்போதே செய்தியும் சொன்னார்:
பாரீசில் ஜனங்கள் ஒரு கோட்டையை
அரை நாளில் பிடித்துவிட்டார்களாம்,
புதுச்சேரிக் கப்பலில் வந்த பழைய சேதி.
வரிசையில் நின்றவன் கேட்டான்:
‘மாடு இல்லாமயா?’

நீங்கள் போன கோட்டை எப்படி என்று கேட்டேன்.
வெள்ளையாக இருந்தது என்றான் ஒருவன்.
அவ்வளவுதான்.
நடுவில் ஆறு. சுவர் அக்கரையில்.
நாற்பது ஜோடி கட்டி இழுத்துப் போன பீரங்கிகள்
அந்தச் சுவரைப் பார்த்து ஒரு தடவைகூடத் தும்மவில்லை.
மாடு விழுந்த இடத்தில் ஆள் தோள் கொடுத்தான்.
ஆளும் விழுந்த பிறகு
வாய் வரை மருந்து கெட்டித்து, மண் அடைத்து,
தங்கள் பீரங்கியைத் தாங்களே வெடிக்க வைத்தார்கள்.
‘தொரை அழுதாரா?’
‘மழை பேஞ்சுது. தெரியல.’

மூன்றாம் நாள் நல்லேந்திரன்.
குளித்தலைப் பக்கத்து ஆள். அவன் பேரில் எட்டு மாடு.
பலகையில் வைத்தது ஏழு தோல்.
எட்டாவது எங்கே?
அவன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பின்னால் நின்றவன்தான் பேசினான்:
‘மராட்டியன் சந்தை வந்து சேர்றதுக்கு முந்தின ராத்திரி.
பதினோரு பேரு, ஒரே சட்டி.’
மாடு சரி. தோல்?
‘தோலையும்தான் வேகவச்சோம்.
சூட்டையும் சேத்து.’

நான் சைவம்.
அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால்
நன்றாகத்தான் இருக்கும்.
இறங்கியது.

பேரேட்டில் சாவுக்கு மூன்று பத்தி:
பட்டினி, சேறு, குண்டு.
முதல் இரண்டும் நிரம்பி ஓரம் வரை வழிந்திருந்தன.
மூன்றாவது, பெருக்கிவிட்ட முற்றம்.
எட்டாவது மாட்டை அங்கே எழுதினேன்.
எதிரியின் குண்டுபட்டு, ஒன்று.
நல்லேந்திரனுக்குப் படிக்கத் தெரியாது.
என்ன எழுதினேன் என்று கேட்கவும் இல்லை.
போகும்போது திரும்பி நின்று சொன்னதெல்லாம் இதுதான்:
‘நாங்க வர்றப்பவே ஆறு வீங்கிடுச்சு.
தடுத்த தண்ணி எனக்கு முந்தி
எங்க ஊர்ல போய் நிக்கும்.
அதுக்கு அங்க தேங்காய் உடைப்பாங்க.’

இன்று சென்னப்பட்டணத்திலிருந்து கடுதாசி.
பேரேடு சரிபார்த்தாயிற்று, மிகத் திருத்தம்.
ஒரே ஒரு சந்தேகம்:
குண்டுபட்ட அந்த மாடு எந்த நாளில், எந்த இடத்தில்,
எதிரியின் எந்தக் கொத்தளத்திலிருந்து?

இறகைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.
சீவிச் சீவி விரல் அளவுக்கு வந்துவிட்டது.
வெளியே கோலார்ப் பக்கத்துப் புது மாடுகள்,
கொழுத்தவை, ஒன்றும் தெரியாதவை.
சூட்டுக்கோல் சிவந்துகொண்டிருக்கிறது.
முதல் மாடு இன்னும் கத்தவில்லை.